கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல்

விசாகப்பட்டினம்
9.6.1995

சௌ. ஜானுவுக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டுவதற்கான பிளானைக் கிச்சா அனுப்பியிருந்தான், வந்து சேர்ந்தது. நிதானமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்று என் தம்பியிடம் சொல். இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல.

ஞாயிற்றுக்கிழமை இங்கே தமிழ்ச் சங்கக் கூட்டம். என்னோடு வேலை பார்க்கும் பராங்குசத்தின் மனைவி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். "மாமி இவ்ளோ நன்னா எழுதுவான்னு சொல்லவேயில்லையே நீங்க" என்றாள். சொன்னவள் என் முகத்தைப் பார்க்காமல் பாயசம் எடுக்கப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து பிரித்தேன். 'பகல் வாசம்'. எழுதியவர் ஜானகி கல்யாணராமன். குடும்ப நாவல் ஒன்று எழுதிப் பதிப்பாளர் மெஹபூப் அலியிடம் கொடுத்திருப்பதாகப் போன வருஷம் சொன்னாய். இதுதானா அது?

ஒரே மூச்சில் படித்தேன். இரண்டாம் தடவை சிவப்புப் பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். பிறர் போட்ட வரைபடங்களில் பிழை பார்ப்பதுதான் இத்தனை வருஷமாக என் உத்தியோகம். வேறு மாதிரிப் படிக்க எனக்கு வராது.

கதையில் வருவது நம் வீடுதான். முற்றம், கொல்லைக் கிணறு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் அந்த இருட்டு அறை, எல்லாம் சரி. ஆனால் ஏழாம் அத்தியாயத்தில் அந்த அறையின் கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் வழியாக வெயில் வந்து அவள் இடுப்பில் கம்பி கம்பியாக விழுகிறது என்று எழுதியிருக்கிறாய். நம் கிழக்குச் சுவர் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். அதில் ஜன்னல் இருந்ததில்லை, வைக்கவும் முடியாது. கதையில் கட்டில் இருக்கிறது. நமக்குப் பாய். கதையில் அவன் நிறுத்தாமல் பேசுகிறான். அவள் அவனை 'வாடா' என்று கூப்பிடுகிறாள்.

ஒரு வரைபடத்தில் ஓர் அளவு தவறினால் கைப்பிசகு என்று விட்டுவிடுவோம். எல்லா அளவும் ஒரே பக்கமாகத் தவறியிருந்தால் அது வேறு ஏதோ கட்டடத்தின் வரைபடம்.

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டாம் பதிப்பு தயாராகிறது என்று பத்திரிகை விளம்பரத்தில் பார்த்தேன். அதில் என் பெயர் வேண்டாம். ஜூலை லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

கல்யாணராமன்

*

மயிலாப்பூர்
14.6.1995

உங்களுக்கு நமஸ்காரம்.

கடிதம் கிடைத்தது. போனில் பேசலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். போன் கூடத்தில், கிச்சாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போனால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். இந்த ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் தனியாகப் பேச இன்னும் ஓர் இடம் கட்டப்படவில்லை. எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

நான் சுவரில் ஒரு ஜன்னல் போட்டேன். அதன் வழியாக நீங்கள் ஒரு ஆளையே உள்ளே இறக்கிவிட்டீர்கள்.

வேறு கட்டடம் என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்று சொல்வது உங்களை வருத்தப்படுத்துவதற்குத்தான். கொஞ்சம் வருத்தப்படுங்கள்.

ஏழாம் அத்தியாயம் எந்த மத்தியானம் என்று உங்களுக்குத் தெரியவில்லையா? நமக்குக் கல்யாணமான அடுத்த பங்குனி. அறுபத்துமூவர் உற்சவம். மாட வீதியில் சாமி பார்க்க வீடு மொத்தமும் கிளம்பியது. நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். நீங்கள் அவர்களோடு குளக்கரை வரைக்கும் போய்விட்டு, மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தீர்கள். கதவைத் திறந்தபோது கண்ணாடி உங்கள் மூக்கிலேயே இருந்தது. மேளச் சத்தம் தெருவெல்லாம் நிரம்பியிருந்தது. அந்த அறையில் அன்றுதான் நாம் முதல் முதலாகப் பகலில் ஒருவரையொருவர் பார்த்தோம். கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதிலிருந்து உள்ளங்கை அகல வெளிச்சம் விழுந்தது. அந்த வெளிச்சத்துக்குள் உங்கள் உடம்பில் எந்த இடம் வருகிறதோ அதை மட்டும் பார்த்தேன். பிறகு அது நகரும், இன்னோர் இடம். அப்படித்தான் உங்களை முழுதாகத் தெரிந்துகொண்டேன்.

அந்த அறையில் பதினொரு வருஷம் இருந்தோம். ஒவ்வொரு நாளும் அங்கே ஒரு ஜன்னல் இருந்தால் என்று நினைத்திருக்கிறேன். எழுதும்போது சிமெண்டும் செங்கல்லும் இலவசம். வைத்துவிட்டேன். பாயை எடுத்துவிட்டுக் கட்டிலும் போட்டேன்.

குடும்ப நாவல் என்று சொன்னேனே, அது பொய்யில்லை. முதல் ஆறு அத்தியாயமும் இரண்டு பேர் ஒரே வீட்டில் ஒருவரையொருவர் தேடி அலைவதுதான். துவைத்த அவன் வேட்டியைக் கொடியில் உலர்த்தும்போது அவள் முகத்தை அதில் வைத்துக்கொள்கிறாள். ஏழாவதில் அவர்கள் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். ஆறு அத்தியாயம் பிரியமாக இருந்தவர்களைக் கதவருகில் கொண்டுவந்து நிறுத்தி, விளக்கை அணைத்து, ஜன்னலோரம் இரண்டு புறா பறந்தது என்று முடிக்க என்னால் முடியவில்லை. அந்தப் புறாக்களை முப்பது வருஷமாகப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.

மெஹபூப் அலிக்கும் இதில்தான் தலைவேதனை. ராயப்பேட்டை அச்சகத்தில் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"அம்மா, ஆறாவது அத்தியாயம் படிச்சிட்டு எங்கூட்டம்மா கண்ணத் தொடச்சிக்கினு இருந்திச்சி. ஏழாவது படிச்சிட்டு புக்கத் தலகாணிக்கு அடியில வெச்சிக்கிச்சி. இத்த நான் கடையில எங்க மாட்டறது? பக்தி மலர் பக்கத்துல தொங்கவிட்டா அடிக்க வருவாங்கோ. உள்ளார ஒளிச்சி வெச்சி வித்தா, வாங்கினவன் ஆறு அத்தியாயம் இன்னாய்யா ஒரே அழுகைன்னு என்னத் திட்டறான்."

இரண்டாம் பதிப்பில் ஏழாம் அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதே மாதிரி இன்னும் மூன்று எழுதித் தர வேண்டும். நடுவில் நிற்காதே என்கிறார். வாசகர் கடிதங்களும் அப்படித்தான். மாம்பலத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஏழாம் அத்தியாயத்தை மட்டும் பிளேடால் சுத்தமாக வெட்டி எனக்கே அனுப்பியிருக்கிறார். மீதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டாராம், பெண்ணுக்குக் கொடுப்பதற்கு.

வர்ஷினி படித்தால் என்ன நினைப்பாள் என்று உங்களுக்குக் கவலை இருக்கும். படித்துவிட்டாள். பெங்களூர் ஹாஸ்டலிலிருந்து எழுதியிருக்கிறாள்: "அம்மா, அந்த ஆள் யாரு?" அப்பாவைக் கேள் என்று பதில் போட்டேன்.

உங்களுக்கு என்று ஒரு பிரதி பிரவுன் தாளில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். ஜனவரியிலிருந்து இருக்கிறது. அனுப்பத் தைரியம் வரவில்லை.

ஜானகி

*

விசாகப்பட்டினம்
20.6.1995

ஜானு,

ஜன்னல் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். மூக்குக் கண்ணாடி என் மூக்கிலேயே இருந்ததை நீ கவனித்தாய் என்று எனக்குத் தெரியாது. நல்ல சாக்கு என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பேச்சு?

ஜன்னலைக் கற்பனை செய்யலாம். சுவர் ஏற்கெனவே இருக்கிறது, அதில் ஒரு துளை போட்டால் போதும். அவன் பேசுவதை அப்படிச் செய்ய முடியுமா? "அவசரப்படாதே. உன்னில் ஒவ்வோர் இடத்துக்கும் நான் தனித்தனியாக வந்து சேர வேண்டும்" என்கிறான். அவளுடைய முழங்காலின் உட்புறத்தைப் பற்றி அரைப் பக்கம் பேசுகிறான். இதை ஒருவன் சொல்லாமல், ஒருத்தி கேட்காமல், எங்கிருந்து வரும்? இந்த மாதிரி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இங்கே யாருக்கும் தெரியவில்லை. அதுதான் கஷ்டம். பராங்குசம் புத்தகத்தை அலுவலகம் முழுக்கச் சுற்ற விட்டுவிட்டான். தமிழ் படிக்கத் தெரியாத தெலுங்குக்காரர்களுக்கு அவனே மொழிபெயர்த்துச் சொல்கிறான். கேண்டீனில் எனக்கு இடம் ஒதுக்கி, "வாங்கோ ஹீரோ சார்" என்கிறார்கள். நேற்று ஒரு ஜூனியர் பையன், அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம், வரைபடத்தைக் காட்டும் சாக்கில் பக்கத்தில் வந்து, "சார், பேசறதுக்கு எப்படிச் சார் பழகிக்கிறது?" என்றான்.

ஒருவனும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் மரியாதை கொடுக்கிறார்கள். நான் பேசாத பேச்சுக்கு எனக்கு மரியாதை. வேறு ஒருவன் போட்ட வரைபடத்தில் என் கையெழுத்து இருப்பதுபோல் கூசுகிறது. பெயரை எடு என்று சொன்னதற்கு அதுதான் காரணம். கோபம் மட்டும் இல்லை.

வரைபடத்தில் ஒரு கோடு எங்கிருந்து வந்தது என்று கேட்பது என் பழக்கம். கேட்டுவிட்டேன். நீ சொன்னால் சரி.

லீவைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. கிச்சா பிளானுக்கு அவசரப்படுத்துகிறான்.

கல்யாணராமன்

*

மயிலாப்பூர்
27.6.1995

உங்களுக்கு,

பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில் கோபம் அதிகம். அடுத்ததில் நான் ரொம்ப நல்லவளாக இருந்தேன்.

நேற்று அச்சகத்துக்குப் போயிருந்தேன். மாடியில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே வேலை பார்க்கும் பெண்கள் கீழே வந்து, பழைய மாத நாவல்களை மெஹபூப் அலியிடம் இரவல் வாங்கிப் போவார்கள். அவர்களில் ரோஸி என்று ஒருத்தி, ஊரூர் குப்பத்துப் பெண். என்னைக் காட்டி, "இவங்கதான் அந்த புக்கு எழுதினவங்க" என்று அவர் சொல்லிவிட்டார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீயா? ஐய! பாத்தா ட்யூசன் டீச்சர் மாரி கீற!"

ட்யூஷன்தான் எடுக்கிறேன் என்றேன்.

"அந்த ஜன்னலு எங்கக்கா கீது?"

அப்படி ஒன்று இல்லை, நானாக வைத்தேன் என்றேன். அவளுக்கு ஏமாற்றமே இல்லை.

"நெனச்சேன். எங்கூட்லயும் இல்ல. கையெட்ற தூரத்துல மாமியா படுத்துகினு கீது. எங்காளு வாயே தொறக்க மாட்டான். காலைல வலையத் தொட்டுப் பாத்துட்டு கடலுக்குப் போவான் பாரு, அந்த மாரி என்னியும் தொடுவான், அவ்ளதான். புக்குல அந்தாளு பேசறதப் படிச்சிட்டு, நீயும் எதுனா பேசேன்யான்னேன். இன்னா பேசணும்னான். அந்தப் பக்கத்தக் காட்டினேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சாங்க்கா! அந்தாண்ட இருந்து மாமியா கொரல் குடுக்குது: இன்னாடா இந்த வயசுல பாடம் படிச்சிக்கினு கீறன்னு!"

மாடிப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு 12பி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாருக்காக எழுதுகிறாய் என்று மெஹபூப் அலி கேட்டபோதெல்லாம் எனக்குப் பதில் தெரியவில்லை. ரோஸிக்கு அழுகையும் வேண்டியிருக்கிறது, ஏழாம் அத்தியாயமும் வேண்டியிருக்கிறது. எதை எங்கே மாட்டுவது என்ற குழப்பம் அவளுக்கு இல்லை.

இப்போது உங்கள் கேள்வி. அந்தக் கோடு எங்கிருந்து வந்தது.

யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததால்தான் எழுதினேன். நம் பழைய அறையின் தடுப்புச் சுவர் உத்தரம் வரைக்கும் எட்டாது. அந்தப் பக்கம் உங்கள் அப்பாவின் இருமல். அவர் இருமுவதை நிறுத்தினால் நமக்கு மூச்சு நின்றுவிடும், விழித்துவிட்டாரோ என்று. வளையல் ஓசை கேட்கக் கூடாதென்று நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வீர்கள். அந்த அறையில் பேசாமல் இருக்கப் பழகினோம். பெரியவர்கள் எல்லோரும் போன பிறகும் நமக்குப் பேச்சு திரும்பவில்லை. பெரிய கூடத்துக்கு மாறினோம், கட்டில் வாங்கினோம், ஃபேன் போட்டோம். நீங்கள் அப்போதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

நீங்கள் மாற்றலாகிப் போன முதல் மழைக்காலத்தில் ஒருநாள், நீங்கள் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எழுதிப் பார்த்தேன். அவ்வளவுதான். அவன் பேசுவது முழுக்க உங்கள் கை எனக்குச் சொன்னது. முழங்கால் விஷயம் உட்பட. நான் சொற்களை மட்டும் போட்டேன்.

'வாடா' என்பது என்னுடையது. மனசுக்குள் உங்களை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன். வெளியே வந்ததில்லை.

ஒன்றை மட்டும் நான் எழுதவில்லை. எல்லாம் முடிந்து திரும்பிப் படுத்துக்கொண்ட பிறகு, நீங்கள் ஒரு விரலால் என் முதுகில் எதையோ வரைந்துகொண்டிருப்பீர்கள். நீளமாக ஒரு கோடு, குறுக்கே ஒன்று, பிறகு சின்னச் சின்னதாக. நான் தூங்கிப்போகும் வரைக்கும். என்ன வரைந்தீர்கள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. மெஹபூப் அலிக்கும் ரோஸிக்கும் கொடுக்க மனம் வராதது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டேன்.

உங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். ஜானகி என்று மட்டும் வரும். ஏழாம் அத்தியாயத்துக்கு முடிவு சொல்ல மெஹபூப் அலி ஜூலை பத்து வரைக்கும் பொறுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். எடுக்க மாட்டேன் என்று அவரிடம் நான் அத்தனை வீராப்பாகப் பேசியதெல்லாம் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. அது வேறு யார் வீடோ என்றே உங்களுக்குத் தோன்றினால் எடுத்துவிடுகிறேன். அடுத்தவர் வீட்டை என் புத்தகத்தில் வைத்துக்கொள்ள எனக்கும் இஷ்டமில்லை.

ஜானு

*

விசாகப்பட்டினம்
3.7.1995

ஜானு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நேற்று சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன். குவார்ட்டர்ஸில் நான் மட்டும்தான். கதவைச் சாத்திவிட்டு, அந்தக் குப்பத்துக்காரர் மாதிரி, ஏழாம் அத்தியாயத்தில் அவன் பேசுவதை வாய்விட்டுப் படித்தேன். முதல் வரியோடு புத்தகத்தை மூடிவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். "அவசரப்படாதே" என்பதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நிறுத்தாமல் கடைசி வரைக்கும் படித்தேன். சரிபார்க்க ஒன்றும் இல்லை. ஒரு பிழைகூட இல்லை.

முதுகில் என்ன வரைந்தேன் என்று இன்றுவரை கேட்டதில்லை என்கிறாய். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அப்போது வேறு எதுவும் வரையத் தெரியாது. பிளான்தான் வரைந்தேன். இதே மனையில் நமக்கு ஒரு வீடு. நீளக்கோடு தெருப்பக்கச் சுவர். குறுக்கே கூடம். பின்னால் நம் அறை, நாலு சுவரும் உத்தரம் வரைக்கும். சின்னச் சின்னதாக என்று எழுதியிருந்தாயே, அது வாசலும் ஜன்னலும். அறைக்கு ஒவ்வொரு தடவையும் கிழக்கில் ஒரு ஜன்னல் வைப்பேன். உன் இடது தோளுக்குக் கீழே வரும் அது. பொதுச் சுவர் என்று தெரியும். தெரிந்துதான் வைப்பேன். முதுகில் போட்ட பிளானுக்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்துத்தான் அந்த ஜன்னலைப் போடுவேன்.

அதை நீ புத்தகத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு வேறு ஒருவனின் ஜன்னல் என்று உன்னிடமே சண்டை போட்டிருக்கிறேன்.

இத்துடன் கிச்சா அனுப்பிய பிளானை வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரே ஒரு திருத்தம், சிவப்பில் இருக்கிறது பார். புதுக் கட்டடத்தில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஐந்து அடி விடுகிறார்கள். இனிமேல் அது பொதுச் சுவர் இல்லை. பில்டர் நம் படுக்கையறைக்கு வடக்கே, நடைபாதையைப் பார்த்து ஜன்னல் வைத்திருந்தான். போகிற வருகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்ப்பதற்கு. அடித்துவிட்டுக் கிழக்கே போட்டிருக்கிறேன். நாலுக்கு நாலரை. கிச்சா ஏன் என்று கேட்டால் காற்றோட்டம் என்று சொல்.

மெஹபூப் அலியிடம் சொல், ஒரு வரி எடுக்கக் கூடாது. இன்னும் மூன்று அத்தியாயமும் வேண்டாம். எங்கே மாட்டினாலும் அது நம் வீடு. பெயர் முன்பு இருந்தபடியே இருக்கட்டும். கல்யாணம் ஆகப்போகிற அந்த ஜூனியர் பையனுக்கு என் பிரதியைக் கொடுத்துவிட்டேன், அதனால் பீரோவில் இருப்பது எனக்கு வேண்டும்.

லீவு கிடைத்துவிட்டது. இருபத்திரண்டாம் தேதி காலை ரயிலில் சென்ட்ரல் வருகிறேன்.

பிளானில் ஒன்றை மட்டும் குறிக்காமல் விட்டிருக்கிறேன். கட்டில் எங்கே வருகிறது என்று நீ எழுது.

கல்யாணராமன்

*

மயிலாப்பூர்
9.7.1995

உங்களுக்கு,

பிளானைக் கிச்சாவிடம் கொடுத்தேன். நாலுக்கு நாலரையா, இவ்வளவு பெரிய ஜன்னல் எதுக்கு மன்னி என்றான். காற்றோட்டம் என்றேன். காத்துக்கு ஃபேன் இல்லையா என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக்கொண்டு போனான். உங்கள் தம்பி புத்தகத்தை இன்னும் படிக்கவில்லை என்று தெரிகிறது.

பிறகு உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு பழைய அறைக்குள் போனேன். இப்போது அது சாமான் போட்டு வைக்கும் இடம். கிழக்குச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இடது தோளுக்குக் கீழே சுண்ணாம்பு குளிர்ச்சியாக இருந்தது. ஜன்னலை நானாகவே கற்பனை செய்ததாக அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறேன். ரோஸியிடம் மட்டுமாவது திருத்திச் சொல்ல வேண்டும். இந்த வீட்டை அடுத்த மாதம் இடிக்கப் போகிறார்கள் என்று எனக்கு இருந்த துக்கம் பாதியாகக் குறைந்துவிட்டது.

மெஹபூப் அலியிடம் ஒரு வரிகூட எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "சாரே சொல்லிட்டாரா? அப்ப முன்னாலயே தொங்கவிட்றேன்" என்றார்.

கட்டில் ஜன்னலுக்குக் கீழே. ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறபடி.

சென்ட்ரலுக்கு நான் வருகிறேன். கிச்சாவும் பெட்டி தூக்க வருகிறானாம். அதனால் ரயிலடியில் வழக்கம்போல "வாங்கோ" என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜானு